நம் சபைகளின் பதவியேற்பு விழா: ஒரு வரலாற்றுப் பார்வை

பொன்விழாக் காணும் நம் பங்கின் வரலாற்றை இம்மலரில் பலர் பல கோணங்களில் எழுதியுள்ளனர். கோயில் எழுந்த கதையையும், கோபுர மணி வந்த கதையையும், நம்மை வழிநடத்திய பங்குத்தந்தையரின் வரிசையையும் வாசகர்கள் அப்பக்கங்களில் காண்பர். மலர்க்குழுவினர் எங்களுக்கு ஒதுக்கியது சிறியதொரு பொருள். பக்த சபைகளில் புதிய பொறுப்பாளர்கள் பதவியேற்கும் விழாவைப் பற்றி எழுதும்படி கேட்டார்கள். இதில் எழுத என்ன இருக்கிறது என்று முதலில் எங்களுக்கும் தோன்றியது. ஆயினும் சென்ற சில மாதங்களில் எங்கள் சபையில் நடந்த ஒரு வாக்குவாதம், இப்பொருளை ஆழ்ந்து பார்க்கும்படி எங்களைத் தூண்டிவிட்டது.

நாங்கள் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் பங்குக் கிளையைச் சேர்ந்தவர்கள். இவ்வாண்டு எங்கள் கிளையில் தலைவர் முதலான பொறுப்புகள் கைமாறுகின்றன. பொன்விழா ஆண்டும் அதுவும் ஒன்றாக வந்தமையால், விழாவைத் திட்டமிட அமர்ந்த முதற் கூட்டத்திலேயே கருத்து வேறுபாடு எழுந்தது. ஒரு சாரார், "ஐம்பது ஆண்டுக்கு ஒரு முறை வருகிற வாய்ப்பு இது, மேடையும் ஒலிபெருக்கியும் பொன்னாடையும் இரவு விருந்தும் வேண்டும்" என்றனர். மற்றொரு சாரார், "ஏழைகளுக்கென்று பையில் போட்ட பணத்தில் மாலை வாங்குவதா?" என்று கேட்டனர். வார்த்தை தடித்தது. அன்று எங்களோடு அமர்ந்திருந்த பங்குத்தந்தை இரு சாராரையும் கையமர்த்தி, "இந்தச் சடங்கு எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று முதலில் பார்த்துக்கொண்டு வாருங்கள். மாலையைப் பற்றிப் பிறகு பேசலாம்" என்றார். அப்படிப் பார்த்தவற்றையே இங்கு பங்கு மக்களாகிய உங்கள் முன் வைக்கிறோம்.

முறையீட்டில் பிறந்த சடங்கு

ஒருவரைப் பொறுப்பில் அமர்த்தும் சடங்கை விவிலியத்தில் தேடினால், மோசேயின் முதுமைக் காலத்துக்குச் செல்ல வேண்டும். தமக்குப்பின் மக்களை நடத்த ஒருவர் வேண்டும் என்று மோசே இறைவனை வேண்டுகிறார். இறைவன் யோசுவாவைக் காட்டுகிறார். குரு எலெயாசர் முன்னிலையிலும் மக்கள் அனைவரின் முன்னிலையிலும் யோசுவாவை நிறுத்தி, மோசே அவர்மேல் தம் கைகளை வைத்துப் பொறுப்பை ஒப்படைக்கிறார். எண்ணிக்கை நூலின் 27ஆம் அதிகாரத்தில் இதைக் காணலாம். பொறுப்பைக் கொடுப்பவர், பெறுபவர், குரு, மக்கள் ஆகிய நால்வரும் ஓரிடத்தில் நிற்கின்றனர். இன்றும் நம் பதவியேற்பு விழாவில் இந்த நால்வரே நிற்கின்றனர் என்பதை நினைவிற்கொள்வோம்.

புதிய ஏற்பாட்டில் இரு நிகழ்ச்சிகள் உள்ளன. யூதாசின் இடம் காலியானபோது ஏறக்குறைய 120 பேர் கூடியிருந்த இடத்தில் பேதுரு எழுந்து பேசுகிறார். ஆண்டவரோடு தொடக்கமுதல் இருந்தவராகவும் அவருடைய உயிர்ப்புக்குச் சாட்சியாகவும் இருப்பவர் வேண்டும் என்கிறார். இருவர் பெயர் முன்மொழியப்படுகிறது. செபித்தபின் சீட்டு விழ, மத்தியா தேர்ந்துகொள்ளப்படுகிறார். தகுதியைச் சொல்லுதல், பெயர்களை முன்வைத்தல், செபித்தல், தேர்ந்தெடுத்தல் என்ற ஒழுங்கு அன்றே அமைந்துவிட்டது.

எங்கள் உள்ளத்தைத் தைத்தது மற்ற நிகழ்ச்சிதான். திருத்தூதர் பணிகள் நூலின் 6ஆம் அதிகாரத்தில் ஒரு முறையீடு எழுகிறது. கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பகிர்வில் கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள் என்று அவர்களுடைய மக்கள் முணுமுணுக்கிறார்கள். திருத்தூதர்கள் முறையிட்டவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. நற்சான்று பெற்ற எழுவரைத் தேர்ந்தெடுங்கள் என்று மக்களிடமே சொல்கிறார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த எழுவரைத் திருத்தூதர்கள் முன் நிறுத்துகின்றனர். அவர்கள் செபித்து, அந்த எழுவர்மேல் கைகளை வைக்கின்றனர். திருச்சபையில் நிகழ்ந்த முதல் பொறுப்பேற்புச் சடங்குகளில் ஒன்று, ஏழைக் கைம்பெண்ணுக்குச் சேர வேண்டிய உணவு சேராமற்போனதால் நிகழ்ந்தது. இதை நாங்கள் பலமுறை கோயிலில் கேட்டிருந்தும், எங்கள் சபையோடு பொருத்திப் பார்த்ததில்லை. ஏன் பார்த்திருக்க வேண்டும் என்பதைப் பின்னர் கூறுவோம்.

மரியன்னை எலிசபெத்தைக் காணச் சென்ற நாள்

இடைக்கால ஐரோப்பாவில் பொதுநிலையினர் கூடி அமைத்த சகோதர சபைகள் நகரந்தோறும் இருந்தன. அவற்றுள் நம் நாட்டுக் கரைவரை வந்து சேர்ந்தது போர்த்துக்கல் நாட்டின் இரக்க சபை. மிசெரிக்கோர்தியா என்பது அதன் பெயர். 1498ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் அரசி லியொனோரின் ஆதரவில் அது தொடங்கியது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். பசித்தோருக்கு உணவிடுதல், நோயாளிகளைச் சந்தித்தல், சிறையிலிருப்போரைப் பார்த்தல், இறந்தோரை அடக்கம் செய்தல் முதலான இரக்கச் செயல்கள் பதினான்கும் அதன் கடமைகள். போர்த்துக்கீசியர் குடியேறிய கோவாவிலும் கொச்சியிலும் இச்சபை வேரூன்றியது.

இதன் ஆட்சிக்குழுவில் பதின்மூவர் இருந்தனர். தலைவர் ஒருவர், மற்றப் பன்னிருவரில் உயர்குடியினர் பாதி, கைத்தொழிலாளர் பாதி. கிறிஸ்துவையும் பன்னிரு திருத்தூதர்களையும் நினைவுபடுத்தும் எண்ணிக்கை அது. தேர்தல் ஆண்டுதோறும் நடந்தது. அதற்கெனக் குறித்திருந்த நாள் சூலை 2. அக்கால நாட்காட்டியில் மரியன்னை எலிசபெத்தம்மாளைச் சந்தித்த திருநாள் அதுவே. இப்போது நாம் அத்திருநாளை மே 31இல் கொண்டாடுகிறோம்.

நாளைத் தேர்ந்தெடுத்ததில் இருந்த நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். வானதூதரிடமிருந்து உலகில் எவருக்கும் கிடைக்காத பெருமையைப் பெற்ற மரியன்னை, மலைநாட்டுக்கு விரைந்து சென்று வயதான உறவுப்பெண்ணின் வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். பதவி கிடைத்ததும் முதல் வேலை ஒரு வீட்டைத் தேடிப் போவது என்பதை அச்சபையார் நாட்காட்டியிலேயே எழுதி வைத்துவிட்டனர். காலப்போக்கில் பல நகரங்களில் இச்சபையின் பொறுப்புகள் குடும்பப் பெருமைக்கும் செல்வாக்குக்கும் ஏணியாகிப் போனதையும் வரலாறு சொல்கிறது. நல்ல நாளில் பதவியேற்றால் மட்டும் போதாது என்பதற்கு அது சான்று.

உரோமைக் கல்லூரியின் மாணவர்கள்

நம் பங்கில் நீல ரிப்பனும் பதக்கமும் அணிந்து தேர்ப்பவனியில் நடக்கும் மாதா சபைப் பிள்ளைகளை நாம் அறிவோம். இத்தகைய சபைகளின் முன்னோடி, 1563ஆம் ஆண்டு உரோமையிலுள்ள இயேசு சபைக் கல்லூரியில் தொடங்கியது. லியேஜ் நகரத்தைச் சேர்ந்த ஜான் லூனிஸ் என்ற இளம் இயேசு சபையார், வகுப்பு முடிந்தபின் தம் மாணவர்களைச் செபத்துக்கும் பிறர் சேவைக்கும் ஒன்றுகூட்டினார். திருத்தந்தை 13ஆம் கிரகோரியார் 1584ஆம் ஆண்டு ஆணை மடல் விடுத்து, அக்கல்லூரிச் சபையை மற்ற எல்லா மரியன்னை சபைகளுக்கும் தாய்ச்சபையாக உயர்த்தினார். 1751ஆம் ஆண்டுக்குப்பின் பெண்களின் சபைகளும் அதில் இணைய வழி பிறந்தது. 1967இல் இவ்வியக்கத்தின் உலக அமைப்பு, கிறிஸ்தவ வாழ்க்கைச் சமூகம் என்ற புதுப்பெயரையும் புதிய ஒழுங்கையும் ஏற்றது.

இச்சபைகளில் இயக்குநராகக் குரு ஒருவர் இருப்பார். ஆயினும் தலைவரும் துணைவர்களும் மாணவர்களிடையேயிருந்தே வருவர். தம்மொத்த வயதினரை நடத்தவும், அவர்களால் நடத்தப்படவும் இளைஞர் கற்ற பள்ளி அது. இங்கே நாங்கள் கவனித்த செய்தி ஒன்று உண்டு. நீல ரிப்பன் சபையில் சேரும்போது எல்லாருக்கும் கிடைப்பது. அச்சபைகளில் பெரிய சடங்கு உறுப்பினராகத் தம்மை மரியன்னைக்கு அர்ப்பணிக்கும் நாளேயாகும். தலைமைப் பொறுப்பு அதன்பின் வருகிறது. காலம் முடிந்ததும் போய்விடுகிறது. அர்ப்பணம் மட்டும் வாழ்நாள் முழுவதும் நிலைக்கிறது.

தலைவராகாத நிறுவனர்

இப்போது எங்கள் சபைக்கு வருகிறோம். 1832ஆம் ஆண்டு பாரிஸ் நகரைக் காலரா சூறையாடியது. தொழிலாளர் குடியிருப்புகளில் வறுமை தலைவிரித்தாடியது. அந்நகரின் பல்கலைக்கழகத்தில் பயின்ற கத்தோலிக்க இளைஞர் சிலர் விவாதக் கூட்டங்களில் திருச்சபையின் பழம்பெருமையைப் பேசிவந்தனர். மாற்றுக் கொள்கையுடைய மாணவர் ஒருவர், பழைய பெருமை இருக்கட்டும், இன்று நீங்கள் ஏழைகளுக்காக என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்ததே எங்கள் சபை.

1833ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் மாலை, கத்தோலிக்கச் செய்தித்தாள் ஒன்றின் அலுவலக அறையில் ஆறு மாணவர்கள் கூடினர். பிரடெரிக் ஓசானாம், லெ தையாந்தியே, லமாஷ், லலியே, கிளாவே, தேவோ என்பன அவர்கள் பெயர்கள். ஓசானாமுக்கு அன்றுதான் இருபது வயது நிறைந்தது. செய்தித்தாளை நடத்திவந்த எம்மானுவேல் பாய்யி வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர் என்பதால், அவரையே தலைவராக அமர்த்திக்கொண்டனர். தேவோ பொருளாளரானார். மேடை இல்லை, பார்வையாளர் இல்லை. செபித்தார்கள், ஆன்மிக நூல் வாசித்தார்கள், பேசி முடிவெடுத்தார்கள், தொப்பியைச் சுற்றவிட்டுக் கையிலிருந்ததைப் போட்டார்கள். இன்றும் எங்கள் வாராந்தரக் கூட்டத்தின் ஒழுங்கு ஏறக்குறைய அதுவே. தொப்பிக்குப் பதில் துணிப்பை வந்திருக்கிறது. யார் எவ்வளவு போட்டார் என்று எவரும் பார்ப்பதில்லை.

பணம் கொஞ்சம் சேர்ந்தது. யாருக்குக் கொடுப்பது? ஏழைகளின் வீடுகள் மாணவர்களுக்குத் தெரியாது. மூஃப்தார் பகுதியின் ஏழைகளிடையே பல ஆண்டுகளாக உழைத்துவந்த பிறரன்பின் புதல்வியர் சபைக் கன்னியர் ரோசலி ரெந்து அம்மாளிடம் தேவோ அனுப்பப்பட்டார். உதவி தேவைப்பட்ட குடும்பங்களின் பெயர்களை அம்மாள் கொடுத்தார். உணவுச் சீட்டுகளும் கொடுத்தார். ஏழையின் வீட்டுக்குள் எப்படி நுழைவது, எப்படிப் பேசுவது என்பதையும் கற்றுக்கொடுத்தார். எங்கள் சபைக்குக் கிடைத்த முதற் சொத்து அந்தப் பெயர்ப் பட்டியலே. கட்டடமோ வங்கிக் கணக்கோ அதற்குப்பின் வந்தவை. ரோசலி அம்மாளுக்கு 2003ஆம் ஆண்டு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது.

1834ஆம் ஆண்டின் இறுதிக்குள் உறுப்பினர் தொகை ஏறக்குறைய நூறாகிவிட்டது. ஓர் அறையில் அத்தனை பேர் கூடி ஒவ்வொரு குடும்பத்தையும் பற்றிப் பேச முடியாது. கிளைகளாகப் பிரிய வேண்டும் என்றார் ஓசானாம். நட்பு முறிந்துவிடும் என்று மற்றவர்கள் கண்கலங்க எதிர்த்தனர். நீண்ட விவாதத்துக்குப்பின் 1835இல் பிரிந்தனர். அவ்வாண்டே சபைக்கு எழுத்து வடிவில் விதியும் அமைந்தது. அன்று பிரிய மனமில்லாமல் ஒரே அறையில் இருந்திருந்தால், நம் பங்குக்கு இச்சபை வந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கிறோம்.

பாய்யி 1844இல் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த தலைவர் ஓசானாம் என்றுதானே நினைக்கத் தோன்றும்? பதவிக்கு வந்தவர் ஜூல் கொசேன். அவருக்குப்பின் 1848இல் அடோல்ஃப் போதோன் வந்தார். 1886 வரை 38 ஆண்டுகள் தலைவராக இருந்தார். ஓசானாம் துணைத்தலைவராக இருந்தார். உலகத் தலைவராக ஒருநாளும் இருந்ததில்லை. 1853 செப்டம்பர் 8ஆம் நாள் மார்செய் நகரில், நாற்பதாவது வயதில், அவர் இறைவனடி சேர்ந்தார். 1997 ஆகஸ்ட் 22ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பாரிஸ் நகரின் நோத்ர் தாம் பேராலயத்தில் அவரை அருளாளராக உயர்த்தினார். தலைவர்களாக இருந்தவர்களின் பெயர்கள் நம்மில் பலருக்குத் தெரியாது. தலைவராகாதவரின் படமே எங்கள் கூட்ட அறையில் தொங்குகிறது.

தேர்தல் முறையையும் வாசகர்கள் அறிந்துகொள்வது நன்று. கிளையின் உறுப்பினர்கள் தலைவரை மட்டும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். துணைத்தலைவர், செயலர், பொருளாளர் ஆகியோரை அத்தலைவரே உறுப்பினர்களைக் கலந்து நியமிக்கிறார். இன்றைய விதி தலைமைக்குக் கால வரம்பும் வகுத்துள்ளது. 38 ஆண்டுகள் ஒருவரே தலைவர் என்பது இனி இயலாது.

டப்ளின் நகரின் மேசை

மரியாயின் சேனையின் வரலாறு இதற்கு மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. 1921 செப்டம்பர் 7ஆம் நாள் அயர்லாந்தின் டப்ளின் நகரில் மைரா இல்லம் என்ற கட்டடத்தில் அது பிறந்தது. அரசுப் பணியிலிருந்த பிராங்க் டப், மைக்கேல் டோகர் அடிகள், ஏழைப் பெண் நோயாளிகளை மருத்துவமனையில் சந்திக்க விரும்பிய பெண்கள் சிலர் ஆகியோரே முதற் கூட்டத்தினர். வெள்ளை விரித்த மேசைமேல் மாதா சுரூபமும் இரு பூச்சாடிகளும் இரு மெழுகுவர்த்திகளும் வைக்கப்பட்டிருந்தன. நம் பங்கில் சேனையின் கூட்டம் நடக்கும் அறையில் இன்றும் அதே மேசையைக் காணலாம். முதல் தலைவியாக எலிசபெத் கெர்வன் என்ற அம்மையார் பொறுப்பேற்றார்.

சேனையில் பிரசீதியத்தின் தலைவர், துணைத்தலைவர், செயலர், பொருளாளர் ஆகியோரை மேற்குழுவாகிய கூரியா நியமிக்கிறது. காலம் மூன்றாண்டு; மேலும் ஒரு மூன்றாண்டு நீடிக்கலாம்; அதற்குமேல் அதே பொறுப்பில் தொடர முடியாது. சேனைக்கு ஆண்டின் பெருவிழா ஆசியெஸ் என்னும் அர்ப்பண விழா. மார்ச் 25ஆம் நாளையொட்டி நடக்கும் அவ்விழாவில், தலைவரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒருவர்பின் ஒருவராக வந்து, ஒரே கொடிக்கம்பத்தைத் தொட்டு, ஒரே வார்த்தைகளால் தம்மை மரியன்னைக்குக் கையளிக்கின்றனர். பதவிக்கென்று அங்கே தனி வரிசை இல்லை.

திருச்சபைச் சட்டம் சொல்வது

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18ஆம் நாள் வெளியிட்ட பொதுநிலையினர் பற்றிய விதித்தொகுப்பு, கழகங்களை நிறுவவும் நடத்தவும் பொதுநிலையினருக்குள்ள உரிமையை எடுத்துரைத்தது. 1983ஆம் ஆண்டின் புதிய திருச்சபைச் சட்டம், 298 முதல் 329 வரையிலான பிரிவுகளில் இக்கழகங்களுக்கு ஒழுங்கு வகுத்தது. பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்பதும் கூட்டம் நடத்துவதும் கழகத்தின் சட்டப்படி நடைபெற வேண்டும். திருச்சபை அதிகாரத்தால் நிறுவப்பட்ட பொதுக் கழகங்கள் ஆண்டுதோறும் தம் வரவுசெலவுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். திருத்தூதுப் பணிக்கென்றே அமைந்த பொதுக் கழகங்களில், அரசியல் கட்சிகளில் தலைமைப் பொறுப்பு வகிப்போர் தலைவராகக் கூடாது. தேர்தல் காலங்களில் நம் ஊர்களின் நிலையை அறிந்தவர்களுக்கு இவ்விதியின் அருமை புரியும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தின் கதை

வரலாற்றை இவ்வளவு தூரம் பார்த்தபின், எங்கள் கிளையின் சொந்த வரலாற்றில் ஒரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டியவர்களாக இருக்கிறோம். பொன்விழா மலரில் குறைகளை எழுதுவது வழக்கமில்லை. ஆயினும் இதை எழுதாமல் விட்டால் இக்கட்டுரைக்குப் பொருளில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிளையில் ஒரு பதவியேற்பு விழா வெகு சிறப்பாக நடந்தது. ஒரு மாதம் திட்டமிட்டோம். அழைப்பிதழ் அச்சிட்டோம், அதில் யார் பெயர் முன்னால் வருவது என்பதற்கே இரண்டு கூட்டங்கள் நடத்தினோம். பக்கத்துப் பங்குகளிலிருந்து விருந்தினர் வந்தனர். மாலைகள் குவிந்தன. புகைப்படம் எடுத்தோம். சமூகக்கூடத்தில் பந்தி பரிமாறினோம். எல்லாரும் மனநிறைவோடு வீடு திரும்பினோம்.

விழா முடிந்து நான்காம் ஞாயிறு. முதற் பூசை முடிந்து வெளியே வந்தபோது, மாதா கெபியருகே வழக்கமாக உட்காரும் வயதான தாயார் ஒருவர் எங்களில் ஒருவரைக் கைகாட்டி அழைத்தார். கணவரும் பிள்ளையும் இல்லாதவர். சனிக்கிழமைதோறும் எங்கள் உறுப்பினர் இருவர் அரிசியும் மண்ணெண்ணெய்க்குக் கொஞ்சம் காசும் அவர் வீட்டில் கொடுத்து, சிறிது நேரம் பேசியிருந்துவிட்டு வருவது வழக்கம். அவர் கேட்டது ஒன்றுதான்.

"என் பேர அடிச்சிட்டீங்களா தம்பி?"

அவர் பெயரை எவரும் அடிக்கவில்லை. நடந்தது இதுதான். பழைய செயலரிடம் இருந்த குடும்பநோட்டு புதிய செயலர் கைக்குப் போய்ச் சேரவேயில்லை. எந்த வீட்டுக்கு யார் போவது, எவ்வளவு கொடுப்பது, எந்த நோயாளிக்கு எந்த மருந்துக் கடையில் சொல்லி வைத்திருக்கிறோம் என்பதெல்லாம் அதில்தான் இருந்தன. விழா வேலையில் பழையவர், புதியவர் கேட்பார் என்றிருந்தார். புதியவர், பழையவர் கொடுப்பார் என்றிருந்தார். நோட்டு ஒரு மஞ்சள் பையில் அழைப்பிதழ்க் கட்டுகளோடு சமூகக்கூடத்தின் பீரோமேல் கிடந்தது. மூன்று சனிக்கிழமைகள் ஒன்பது வீடுகளுக்கு எவரும் போகவில்லை. மற்ற எட்டு வீட்டாரும் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டவர் இவர் ஒருவரே.

அன்று மாலையே நாங்கள் ஒன்பது வீடுகளுக்கும் போனோம். அந்தத் தாயார் எங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை. "புதுசா வந்தவங்களுக்கு என்னைப் பிடிக்கலையோன்னு நினைச்சேன்" என்று மட்டும் சொன்னார். திருத்தூதர் பணிகள் நூலில் வரும் கைம்பெண்களுக்காக முறையிட அவர்களுடைய மக்களாவது இருந்தார்கள். இவருக்கு அப்படி எவருமில்லை. அவர் இப்போது நம் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். இந்நிகழ்ச்சிக்கு எந்த ஒருவரையும் நாங்கள் குற்றம் சொல்வதற்கில்லை; எங்கள் அனைவரின் பிழை அது. அன்று அழைப்பிதழில் பெயர் வரிசையைப் பற்றி வாதாடியவர்களில் இக்கட்டுரையை எழுதும் நாங்களும் இருந்தோம்.

இவ்வாண்டு விழாவின் ஒழுங்கு

பங்குத்தந்தையிடம் திரும்பிப் போய் இவற்றையெல்லாம் சொன்னோம். மாலையைப் பற்றிய வாக்குவாதத்தை அதற்குப்பின் எவரும் எடுக்கவில்லை. அனைவரும் ஒருமனதாக அமைத்துக்கொண்ட ஒழுங்கைக் கீழே தருகிறோம். மற்றச் சபையாருக்கும் இது பயன்படலாம்.

தேர்தலுக்கும் பதவியேற்புக்கும் இடையே ஆறு வாரம் விடுகிறோம். முதல் இரு வாரங்களில் கணக்கு முடிக்கப்படும். பொருளாளரின் புத்தகத்தை, பொறுப்பில் இல்லாத உறுப்பினர் இருவர் ரசீதுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையொப்பமிடுவர். வரவு, செலவு, கையிருப்பு மூன்றும் கூட்டத்தில் உரக்க வாசிக்கப்படும். கையிருப்பு குறைவாக இருப்பது பற்றி வெட்கப்பட வேண்டியதில்லை. ஏழைகளுக்கென்று வந்த பணம் பெட்டியில் உறங்குவதற்காக வரவில்லை.

அடுத்த நான்கு சனிக்கிழமைகளில் பழைய பொறுப்பாளரும் புதிய பொறுப்பாளரும் சேர்ந்து, குடும்பநோட்டிலுள்ள எல்லா வீடுகளுக்கும் செல்வர். பழையவர் புதியவரை அறிமுகம் செய்வார். "இனிமேல் இவர் வருவார்; நானும் இங்கேதான் இருப்பேன்" என்று சொல்வார். எங்கள் திட்டத்தில் இதுவே முதன்மையான பகுதி. இந்தச் சந்திப்புகள் முடியாவிட்டால் விழா நாள் தள்ளிவைக்கப்படும், சந்திப்பு தள்ளிவைக்கப்படாது.

விழா, மே 31ஆம் நாளையொட்டிய சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் நடைபெறும். மரியன்னை எலிசபெத்தைச் சந்தித்த திருநாளைப் பழைய இரக்க சபையாரிடமிருந்து நன்றியோடு எடுத்துக்கொண்டோம். மறையுரைக்குப்பின் புதிய பொறுப்பாளர்கள் பெயர் சொல்லி அழைக்கப்படுவர். பழைய பொறுப்பாளர்கள் பீடத்தின் முன் நின்று, அறிக்கைப் புத்தகத்தையும் கணக்குப் புத்தகத்தையும் காணிக்கைப் பையையும் பீரோச் சாவியையும், கடைசியாகக் குடும்பநோட்டையும் அவர்கள் கையில் கொடுப்பர். நோட்டு மூடியே இருக்கும். அதிலுள்ள பெயர்கள் எவர் காதிலும் விழக்கூடாது. பங்குத்தந்தை அவர்களுக்காகச் செபித்து ஆசி வழங்குவார். சபையின் முன்னாள் உறுப்பினர்களுக்காகவும், எங்களால் மறக்கப்பட்டவர்களுக்காகவும் விசுவாசிகள் மன்றாட்டில் வேண்டிக்கொள்வோம்.

பொன்னாடையும் மாலையும் இல்லை. வேண்டும் என்றவர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆனால் விழாவுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புவது நம் ஊர் வழக்கமல்ல. கோயில் முற்றத்தில் சுண்டலும் தேநீரும் உண்டு. அதற்கான செலவை உறுப்பினர்கள் தனியே தம் கையிலிருந்து போட்டுக்கொள்கிறோம்; ஏழைகளின் பையைத் தொடமாட்டோம். நீண்ட காலம் உழைத்து விலகும் பொறுப்பாளர்களுக்கு நன்றி சொல்லவும் மறக்கவில்லை. அவர்களுக்காக அடுத்த நாள் காலை ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படும்.

விழா மாலையில் நடப்பதால், அன்றைய சனிக்கிழமைச் சந்திப்பு காலையிலேயே நடந்தேறும். அன்று ஒரு வீட்டிலும் அரிசி தவறக்கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறோம்.

பங்கு மக்களே, ஐம்பது ஆண்டுகளில் நம் பங்கின் சபைகளில் எத்தனையோ தலைவர்கள் வந்து போயினர். அவர்களுடைய பெயர்கள் இம்மலரின் வேறு பக்கங்களில் வரிசையாக உள்ளன. குடும்பநோட்டிலுள்ள பெயர்களை நாங்கள் அச்சிடுவதில்லை, அச்சிடவும் கூடாது. ஆயினும் இறைவனிடம் உள்ள புத்தகத்தில் அப்பெயர்களே முதலில் எழுதப்பட்டிருக்கும் என்று நம்புகிறோம். பொறுப்பேற்கும் புதியவர்களுக்காகவும், அவர்கள் தேடிச் செல்லவிருக்கும் வீட்டாருக்காகவும் உங்கள் செபத்தைக் கேட்டு விடைபெறுகிறோம். சனிக்கிழமை மாலை அனைவரும் வாருங்கள்.